ஓ.டி.சி. சரக்கு: தடாவிலிருந்து சாம்பியா சுரங்கம் வரை

கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலோ, எல்லை தாண்டி தடா, ஸ்ரீசிட்டி பக்கமோ ஃபேப்ரிகேஷன் ஷாப் நடத்துகிறவருக்கு முதல் வெளிநாட்டு ஆர்டர் வந்ததும் மனதில் ஓடுவது பிளேட் விலை, வெல்டிங் நேரம், ஆள் கூலி. சரக்கை அனுப்புவது கடைசி வாரத்து வேலை, அதை கிளியரிங் ஏஜென்ட் பார்த்துக்கொள்வார் என்ற நினைப்பு. கன்டெய்னருக்குள் அடங்கும் சரக்குக்கு அந்த நினைப்பு சரி. அடங்காத சரக்குக்கு அது ஆபத்து. அப்படிப்பட்ட சரக்கில், சுரங்க வாசலிலிருந்து நம் ஷாப் வாசல் வரைக்கும் இருக்கிற மிகக் குறுகலான இடம் எதுவோ, அதுதான் டிராயிங்கில் இயந்திரத்தை எங்கே பிரிப்பது என்று முடிவு செய்கிறது. பிளேட் வெட்டும் முன்பே வழியைப் பார்த்துவிட வேண்டும்.

இதை ஒரே உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். சாம்பியாவின் செப்புச் சுரங்கம் ஒன்றுக்கு ஒரு பால் மில் போக வேண்டும். தாதுப் பாறையை இரும்புக் குண்டுகளோடு சேர்த்துச் சுழற்றி மாவாக்கும் பெரிய உருளை அது. அதன் உருளை உடலான ஷெல்லின் விட்டம் 4 மீட்டர், நீளம் 6 மீட்டர், தகடு 50 மி.மீ. கனம். தகடு மட்டும் ஏறக்குறைய 30 டன் வரும். போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புகளான ஃபிளாஞ்சுகளையும் சேர்த்தால் 36 டன், வெளிவிட்டம் 4.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முனைகளையும் மூடும் வார்ப்பு மூடிகள், அதாவது ஹெட், தனி. ஷெல்லைச் சுற்றிப் பொருத்தும் பல்சக்கரமான கர்த் கியர் தனி. மோட்டார், பேரிங், லைனர் (உள்பக்கத் தேய்மானத் தகடு), போல்ட் எல்லாம் வேறு.

ஏன் இது சாதாரண சரக்கு இல்லை?

40 அடி ஹைக்யூப் கன்டெய்னரின் கதவு அகலம் சுமார் 2.34 மீட்டர், உயரம் சுமார் 2.58 மீட்டர். அதற்குள் நுழையாதது கப்பல்காரர் கணக்கில் 'அவுட் ஆஃப் கேஜ்'. சாலைக்கு வேறு கணக்கு. மோட்டார் வாகன விதிப்படி வண்டியின் அகலம் 2.6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். சரக்கு அதைத் தாண்டினால் ஓ.டி.சி. (ஓவர் டைமென்ஷனல் கார்கோ, அதாவது அளவு மீறிய சரக்கு), தனி அனுமதி வேண்டும். இரண்டும் வேறு வேறு எல்லைக்கோடுகள் என்பதைப் புதியவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். 2.5 மீட்டர் அகலப் பெட்டி சாலையில் சாதாரண லோடு, கப்பலில் அவுட் ஆஃப் கேஜ்.

ஷெல்லை முழுசாகவே அனுப்பினால்? கனரகச் சரக்கு ஏற்றும் தாழ்தள வண்டியான லோ பெட் டிரெய்லரின் தளம் தரையிலிருந்து ஏறக்குறைய 1 மீட்டர். அதன்மேல் சரக்கு உட்காரும் தாங்கியான சாடில் 15 செ.மீ., அதன்மேல் 4.4 மீட்டர். மொத்த உயரம் 5.55 மீட்டர். தேசிய நெடுஞ்சாலை மேம்பாலங்களுக்கு அடியில் விடுகிற உயரம் பொதுவாக 5.5 மீட்டர். ஐந்தே சென்டிமீட்டரில் அடிபடும். சாலையைக் குறுக்கே கடக்கும் தாழ்வழுத்த மின்கம்பி விதிப்படி 5.8 மீட்டரில் இருக்க வேண்டும், 11 கே.வி. லைன் 6.1 மீட்டரில். ஆனால் மே மாத வெயிலில் கம்பி தொய்ந்து எவ்வளவில் நிற்கிறது என்பதை நேரில் போய் அளந்தால்தான் தெரியும். எனவே இந்த அளவு ஷெல்லை முழுசாக அனுப்பும் எண்ணத்தை முதல் நாளே விட்டுவிடலாம்.

இரண்டாகவா, மூன்றாகவா

நீளவாக்கில் பிளந்த மூங்கில் மாதிரி ஷெல்லை இரண்டு பாதியாகச் செய்து, பாதிகளின் விளிம்பில் நீள ஃபிளாஞ்ச் வைத்து, சுரங்கத்தில் போல்ட் போட்டுச் சேர்ப்பது வழக்கம். ஒரு பாதி 18 டன். சாடிலும் உள் தாங்கிகளும் சேர்த்து 20 டன். அளவு 6 மீட்டர் நீளம், 4.4 மீட்டர் அகலம், சாடிலோடு 2.35 மீட்டர் உயரம். லோ பெட்டில் ஏற்றினால் மொத்த உயரம் 3.35 மீட்டர்தான். உயரச் சிக்கல் தீர்ந்தது. அகலம் நிற்கிறது.

4.4 மீட்டர் அகலம் என்றால் என்ன என்று டோல் பிளாசாவில் போய் நின்றால் புரியும். சாதாரண டோல் லேன் 3.2 மீட்டர். ஓரத்தில் பெரிய வண்டிகளுக்கென்று ஒரு லேன், அதன் அகலம் 4.5 மீட்டர். 4.4 மீட்டர் சரக்கு அதில் போகும்போது இருபுறமும் ஐந்து ஐந்து சென்டிமீட்டர் மிச்சம். வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஒரு டர்ன்பக்கிள் (கட்டும் செயினை இறுக்கும் திருகு), மடித்துக் கட்டிய தார்ப்பாய் முனை போதும், பூத் கண்ணாடி காலி. கைதேர்ந்த டிரைவர் வண்டியை ஊர்ந்து விடுவார், இரண்டு பக்கமும் ஆள் நின்று "விடு, விடு, வலது கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். 4.4 என்று டிராயிங்கில் போட்டிருந்து, தூக்குவதற்கான துளைத் தகடான லிஃப்டிங் லக்கை விளிம்புக்கு வெளியே 8 செ.மீ. நீட்டி வெல்டு செய்துவிட்டால் அந்த லேனும் இல்லை. அதற்குப் பிறகு போலீஸ் அனுமதியோடு மீடியனைத் திறந்து எதிர்த்திசைப் பாதையில் போகிற ஏற்பாடுதான்.

அப்படியானால் மூன்றாகப் பிரித்தால்? 120 பாகைத் துண்டின் அகலம் 3.8 மீட்டராகவும் உயரம் 1.1 மீட்டராகவும் குறையும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இரண்டு நீள இணைப்புக்குப் பதில் மூன்று இணைப்பு. ஒவ்வொன்றுக்கும் மெஷினிங், டவல் பின் (பாகங்களை நேர்படுத்தும் முளை), நூற்றுக்கணக்கான போல்ட் துளை, சுரங்கத்தில் கூடுதல் நாட்கள். இதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: ஹெட்டை என்ன செய்வீர்கள்? இந்த மில்லில் ஹெட் ஒரே வார்ப்பு, 4.4 மீட்டர் விட்டம். அதைப் பிரிக்க முடியாது. ஷெல்லை எத்தனை துண்டாக்கினாலும் ஹெட்டுக்காக அதே டோல் லேனை, அதே அனுமதியை, அதே பைலட் வண்டியைத் தேடத்தான் வேண்டும். ஆகவே பிரிக்க முடியாத உருப்படியை முதலில் எடுத்துக்கொண்டு அதற்கு வழி தேட வேண்டும். அது போகும் வழியில் மற்றவை தானாகப் போகும்.

ஹெட்டுக்கு ஒரு உபாயம் உண்டு. முக்கோண ஸ்டாண்டில் 45 பாகை சாய்த்து வைத்தால் அகலம் ஏறக்குறைய 4 மீட்டராகக் குறையும், உயரமும் 4 மீட்டராகக் கூடும். லோ பெட்டோடு 5 மீட்டர். டோலில் இடம் கிடைக்கிறது, மின்கம்பியில் கவனம் வேண்டும். எது வசதி என்பதை அந்தந்த வழிதான் சொல்லும். கர்த் கியர் பற்றிக் கவலை வேண்டாம். 5 மீட்டர் விட்டக் கியரை இரண்டு பாதியாக்கி, நீளப் பக்கம் டிரெய்லர் நெடுக இருக்கும்படி படுக்கவைத்தால் அகலம் 2.5 மீட்டர், சாதாரண லோடு.

வழி பார்ப்பது

ஸ்ரீசிட்டியிலிருந்து காட்டுப்பள்ளி துறைமுகம் 60 கி.மீ. சொச்சம். சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை 16-ல் ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி வந்து, பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் திரும்பிக் கடற்கரை நோக்கிப் போகும் வழி. நெடுஞ்சாலையில் பெரிய தலைவலி இல்லை. தலைவலி அதிலிருந்து இறங்கிய பிறகு: ஊர்ச் சாலைகள், திருப்பங்கள், ஊர்க்காரர்கள் தாங்களாகவே போட்ட வேகத்தடைகள். லோ பெட்டின் வயிறு தாழ்வு. கூர்மையான வேகத்தடையில் வயிறு உட்கார்ந்தால் முன்னும் போகாது, பின்னும் வராது. அதற்காகவே மரப்பலகைகளையும் இரும்புத் தகடுகளையும் கூடவே எடுத்துப்போவார்கள்.

வழி பார்க்கிற ஆள் டேப், லேசர் மீட்டர், கேமரா, ஒரு நீளமான மூங்கில் அல்லது பி.வி.சி. கழியோடு போக வேண்டும். சரக்கின் மொத்த உயரத்தைவிட 15 முதல் 30 செ.மீ. கூடுதலாகக் கழியை வண்டியில் நிறுத்திக் கட்டி மெதுவாகப் போனால், எது உரசுகிறதோ அது நாளைக்குச் சரக்கை உரசும். மின்கம்பி ஒன்றைத் தவிர: அதன் பக்கத்தில் கழியைக் கொண்டுபோகவே கூடாது, லேசரில் அளக்க வேண்டும். கேபிள் டி.வி. வயர், கோயில் திருவிழா வளைவு, கட்சிக் கட்அவுட், வேப்பமரக் கிளை எல்லாம் பட்டியலில் வரும். ஒரு மாதம் முன்பு பார்த்த வழியை நம்பக் கூடாது. ஆடி மாதத்தில் ஊருக்கு ஊர் அம்மன் கோயில் வளைவு முளைத்துவிடும். வண்டி கிளம்பும் வாரத்தில் இன்னொரு முறை பார்த்தே ஆக வேண்டும்.

எல்லைப் பக்கத்துக்கே உரிய சங்கதி ஒன்று. ஷாப் தமிழ்நாட்டில், துறைமுகமும் தமிழ்நாட்டில் என்றால் ஒரு மாநிலத்தோடு முடிந்தது. ஷாப் ஸ்ரீசிட்டியில் இருந்தால் சரக்கு ஆந்திராவில் பிறந்து தமிழ்நாட்டில் கப்பலேறுகிறது. தேசிய நெடுஞ்சாலைக்கான ஓ.டி.சி. அனுமதியை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் வாங்கலாம். ஆனால் மாநிலச் சாலை, போலீஸ், மின்வாரியம் எல்லாம் இரண்டு பக்கமும் தனித்தனி. கம்பியைத் தூக்கிப் பிடிக்க அந்தப் பக்கம் ஆந்திர மின் நிறுவன லைன்மேன், இந்தப் பக்கம் தமிழ்நாட்டு லைன்மேன். எளாவூர் செக்போஸ்ட்டில் ஆவணம் கேட்பார்கள். கன்டெய்னரில் போடாமல் சரக்கை அப்படியே ஏற்றும் பிரேக் பல்க் கப்பல் கிருஷ்ணப்பட்டினத்தில் தொட்டால் நாயுடுப்பேட்டை, கூடூர் வழியாக வடக்கே போகலாம். தூரம் அதிகம், ஆனால் ஒரே மாநிலம். கிலோமீட்டரை மட்டும் எண்ணி இதை முடிவு செய்ய முடியாது.

சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி.யில் எடுக்கும் மின்னணுச் சீட்டான இ-வே பில்லில் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். சாதாரண வண்டிக்கு 200 கி.மீ.க்கு ஒரு நாள் செல்லுபடி. ஓ.டி.சி. என்று தேர்ந்தெடுத்தால் 20 கி.மீ.க்கு ஒரு நாள். 60 கி.மீ. தாண்டும் வழிக்கு 4 நாள் கிடைக்கும். பழக்கதோஷத்தில் 'ரெகுலர்' என்று போட்டுவிட்டால் கிடைப்பது ஒரே நாள். ஓ.டி.சி. வண்டிக்கோ நகர்ப்புறத்தில் குறிப்பிட்ட நேரத்தில்தான் நுழைவு. வழியில் நிறுத்தி வைத்திருக்கும்போதே பில் காலாவதியாகிவிடும். காலாவதிக்கு 8 மணி நேரம் முன்னும் பின்னும் நீட்டிக்க வழி உண்டு. அந்த நேரத்தில் ஆபீசில் யாராவது விழித்திருக்க வேண்டும்.

எந்த வழியில் கப்பலேற்றுவது

மூன்று வழிகள். ஒன்று ஃபிளாட் ரேக்: கூரையும் பக்கச் சுவரும் இல்லாமல் தளமும் இரண்டு முனைத் தடுப்பும் மட்டும் உள்ள கன்டெய்னர். இரண்டு பிரேக் பல்க்: சரக்கை அப்படியே தூக்கிக் கப்பலின் கிடங்கிலோ மேல்தளத்திலோ வைப்பது. மூன்று ரோ-ரோ: சக்கரமுள்ள தளத்தில் வைத்து உருட்டி ஏற்றுவது. டம்பர், எக்ஸ்கவேட்டருக்கு ரோ-ரோ பொருந்தும், நம் ஷெல்லுக்கு முதல் இரண்டில் ஒன்று.

40 அடி ஃபிளாட் ரேக்கின் வெளி அகலம் 2.44 மீட்டர். நம் பாதி ஷெல் 4.4. இருபுறமும் 98 செ.மீ. வெளியே நீளும். முனைத் தடுப்பின் உள் உயரம் சுமார் 1.95 மீட்டர், நம் சரக்கு 2.35. மேலேயும் 40 செ.மீ. நீளும். கப்பலில் இதன் இடப்பக்கம், வலப்பக்கம், தலைக்கு மேல் வேறு கன்டெய்னர் வைக்க முடியாது. அந்தக் காலி இடங்களுக்கும் சேர்த்துத்தான் கப்பல் நிறுவனம் கட்டணம் போடும். 'ஒரு ஃபிளாட் ரேக்தானே' என்று கணக்குப் போட்டவர் விலைப்புள்ளி வந்ததும் திகைப்பது இதனால்தான். இன்னொன்றும் உண்டு: சரக்கு முனைத் தடுப்பைவிட உயரமாக இருப்பதால் கன்டெய்னரை மூலைகளில் பிடித்துத் தூக்கும் கிரேன் சட்டமான ஸ்ப்ரெடர் மூலைப் பூட்டை எட்டாது. அதற்கென உயரச் சட்டம் பொருத்த வேண்டும், இல்லையென்றால் வயர் ஸ்லிங் (தூக்கும் கயிறு). இரண்டுமே நேரம், இரண்டுமே காசு. நடுவில் கொழும்பு மாதிரி ஒரு துறைமுகத்தில் கப்பல் மாறினால் இந்தத் தூக்கல் இன்னும் இரண்டு முறை.

டிராயிங் மேசையிலேயே காசு மிச்சம் பிடிக்கும் இடம் இங்கே இருக்கிறது. 20 அடி ஃபிளாட் ரேக்கின் உள் நீளம் சுமார் 5.6 மீட்டர். நம் ஷெல் 6 மீட்டர் என்பதால் 40 அடி ரேக் கட்டாயம், அதில் பாதி நீளம் வெறுமனே போகும். ஷெல்லை நீளத்திலும் இரண்டு கேனாக (குட்டை உருளையாக) பிரிக்கும் வடிவமைப்பு இருந்தால் கணக்கே மாறும். மில் வடிவமைப்பாளர் ஒத்துக்கொள்கிறாரா என்பது வேறு. கேட்டுப் பார்க்கச் செலவில்லை.

பிரேக் பல்க்கில் கட்டணம் 'ஃபிரைட் டன்' கணக்கு. ஒரு மெட்ரிக் டன் அல்லது ஒரு கன மீட்டர், எது அதிகமோ அது. நம் பாதி ஷெல் 6 × 4.4 × 2.35, அதாவது 62 கன மீட்டர். எடை 20 டன். கட்டணம் 62-க்கு. உள்ளே காற்றுதான் நிறைய, அந்தக் காற்றுக்கும் கூலி. ஆகவே உட்குழிவில் வேறு பாகத்தை வைத்துக் கட்ட முடியுமா என்று யோசிப்பார்கள். முடியும், கட்டுவதைக் கணக்கிட்டுச் செய்திருந்தால். வாடகை ஒப்பந்தத்தில் ஏற்றும் கூலி, இறக்கும் கூலி, கப்பலில் கட்டும் கூலி யார் தலையில் என்பதை வரி வரியாகப் படிக்க வேண்டும். குறைந்த விலைப்புள்ளி என்று மகிழ்ந்தால் இறக்கும் கூலி தனியாக வந்து நிற்கும்.

ஃபிளாட் ரேக்கை ஷாப்புக்கே வரவழைத்து ஏற்றலாமா? லாரித் தளம் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், ரேக்கின் தளக் கனம் 65 செ.மீ., சரக்கு 2.35. மொத்தம் நாலரை மீட்டர். லோ பெட்டில் கொண்டுபோய்த் துறைமுகம் பக்கத்து சி.எஃப்.எஸ்.ஸில் (கன்டெய்னர் சரக்கு நிலையத்தில்) ரேக்குக்கு மாற்றினால் சாலையில் 3.35 மீட்டர்தான், ஆனால் ஒரு தூக்கல் கூடுதல். மீஞ்சூர் பக்கத்துத் தாழ்வான வயர்களை நினைத்தால் இரண்டாவது வழியே மேல்.

தூக்குவதும் கட்டுவதும்

சேதம் நடப்பது பெரும்பாலும் கடலில் இல்லை, தூக்கும்போது. பாதி ஷெல்லில் நாலு லக் வெல்டு செய்து, நாலு ஸ்லிங் மாட்டி, ஒரே கொக்கியில் தூக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 டன்னை நாலால் வகுத்து 5 டன் என்று லக் வடிவமைத்தால் தப்பு. கெட்டியான சரக்கில் நாலு ஸ்லிங்கும் ஒரே அளவு இழுவையை வாங்காது. எதிரெதிர் மூலையில் இரண்டு மட்டும் இறுகி நிற்கும். அதனால் இரண்டு கால் கணக்கே பத்திரம்: ஒரு ஸ்லிங்குக்கு 10 டன். பிறகு கோணம். ஸ்லிங் கிடைமட்டத்தோடு 60 பாகையில் இருந்தால் இழுவை 1.155 மடங்கு, 11.5 டன். 45 பாகையில் 1.41 மடங்கு. 30 பாகைக்குத் தாழ்ந்தால் இரண்டு மடங்கு, ஒரு ஸ்லிங்கில் 20 டன். கிரேன் பூம் எட்டவில்லை என்று துறைமுகத்தில் குட்டை ஸ்லிங் போடும்போது நடப்பது இதுதான். எடை மாறவில்லை, கோணம் மாறியது, லக் பிய்ந்தது. நடுவில் ஸ்லிங்குகளை விரித்துப் பிடிக்கும் ஸ்ப்ரெடர் பீம் போட்டால் இந்தத் தொல்லை போகும். லக் தகடு ஸ்லிங் இழுக்கும் திசையிலேயே நிற்க வேண்டும், குறுக்கே இழுத்தால் தகடு மடங்கும். லக் வெல்டிங்கை டை பெனிட்ரன்ட் (சாயம் தடவி வெடிப்பைக் கண்டுபிடிக்கும்) சோதனை செய்து, அறிக்கையை ஃபைலில் வைக்க வேண்டும்.

பாதி ஷெல்லை எப்படி வைப்பது, ஓடம் மாதிரி வாய் மேலேயா, கவிழ்த்தா? கணக்கு இப்படி: அரைவட்டத் தகட்டின் எடைமையம் அச்சிலிருந்து ஆரத்தின் 0.64 பங்கு தூரத்தில் இருக்கும். 2 மீட்டர் ஆரத்துக்கு 1.27 மீட்டர். கவிழ்த்தால் எடைமையம் தளத்திலிருந்து 1.27 மீட்டர் உயரம், வாய் மேலே வைத்தால் 0.73 மீட்டர்தான். தாழ்வான எடைமையம் கப்பல் ஆட்டத்துக்கு நல்லது. கவிழ்த்தால் மெஷின் செய்த ஃபிளாஞ்ச் முகம் கட்டை மேல் உட்காரும், ஒரு சின்ன நசுங்கல் போதும், சுரங்கத்தில் இணைப்பு உட்காராது. எங்கள் தீர்ப்பு: வாய் மேலே, இரண்டு சாடில், மேலே பிளைவுட் மூடி. இரண்டு முனையும் திறந்திருப்பதால் மழைத் தண்ணீர் வடிந்துவிடும். யாராவது முனைகளை அடைத்துவிட்டால் அது தொட்டியாகிவிடும்.

உள்ளே குறுக்குத் தாங்கிகளை வெல்டு செய்ய மறக்கக் கூடாது. வெல்டிங் அழுத்தம் உள்ளே தங்கியிருப்பதால், வளையமாக இருந்தவரை நின்ற ஷெல் இரண்டானதும் கொஞ்சம் விரியப் பார்க்கும். வழியில் தூக்கிய அதிர்வு வேறு. தாங்கி இல்லாமல் போன பாதிகள் சுரங்கத்தில் துளைக்குத் துளை பொருந்தாது. துறைமுகத்தில் யாரோ ஒரு ரிக்கர் (சரக்கைக் கட்டித் தூக்கும் தொழிலாளி) "இந்தக் கம்பி இடிக்குது மேஸ்திரி, வெட்டிடலாமா?" என்று கேட்பார். கூடாது என்று பெயிண்டில் பெரிதாக எழுதி, கூடவே யாரிடம் கேட்பது, அவர் ஃபோன் எண் என்ன என்பதையும் எழுதிவிடுங்கள்.

கட்டுவதில் கணக்கு உண்டு, கண்மதிப்பு வேலைக்கு ஆகாது. இரும்பின் மேல் இரும்பு வைத்தால் உராய்வுக் குணகம் 0.1, ஈரமானால் பூஜ்யம் என்றே கணக்கிடச் சொல்கிறது சர்வதேச விதி. நடுவில் ரப்பர் ஷீட்டோ மரமோ வைத்தால் 0.3. ரப்பர் ஷீட் நாலு காசு, பலன் மூன்று மடங்கு. சாடிலுக்கும் தளத்துக்கும் இடையில் இது இல்லாமல் எதையும் ஏற்றக் கூடாது. கப்பலில் சரக்கைக் கட்டுவதற்கான எளிய விதி: சரக்கின் இடப்பக்கக் கட்டுகளின் தாங்குதிறன் மொத்தம் சரக்கின் எடைக்குச் சமம், வலப்பக்கமும் அப்படியே. இதற்கான தாங்குதிறன் என்பது அறும் எடை இல்லை. பெல்ட்டுக்கும் செயினுக்கும் ஷாக்கிளுக்கும் அறும் எடையில் பாதி, ஒரு முறை மட்டும் பயன்படுத்தும் வயர் ரோப்புக்கு 80 சதவீதம், திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வயர் ரோப்புக்கு 30 சதவீதம்தான். 10 டன்னில் அறும் பெல்ட் ஒன்று 5 டன்னாகவே எண்ணப்படும். 20 டன் சரக்குக்கு ஒரு பக்கத்துக்கு நாலு பெல்ட். 60 பாகைக்கு மேல் செங்குத்தாக நிற்கிற கட்டுகளைப் பக்கவாட்டு ஆட்டத்துக்குக் கணக்கில் எடுக்கக் கூடாது, அவை கீழே அமுக்குமே தவிர நகராமல் பிடிக்காது. இன்னொரு தப்பு: வழவழப்பான வளைவின் மேல் பெல்ட்டைச் சுற்றிப் போட்டு இறுக்குவது. ஆடினால் பெல்ட் வழுகி நெகிழும். சரக்கிலேயே கட்டும் லக் வெல்டு செய்து அதில் மாட்ட வேண்டும், கோணத்தில், எதிரெதிராக.

துருப்பிடித்தல் பற்றிச் சுருக்கமாக: மெஷின் செய்த எல்லா முகத்துக்கும் துருத்தடுப்பு மெழுகு அல்லது எண்ணெய், அதன் மேல் வி.சி.ஐ. தாள் (துருவைத் தடுக்கும் ஆவி விடும் தாள்), அதன் மேல் பிளைவுட். சரக்கு முழுவதையும் தார்ப்பாயால் காற்றுப் புகாமல் சுற்றினால் உள்ளே வியர்த்துத் துரு அதிகமாகும். மரக்கட்டைகள், சாடில் மரம் எல்லாம் பூச்சி ஒழிக்கப்பட்ட மரத்துக்கான சர்வதேச முத்திரையான ஐ.எஸ்.பி.எம். 15 உள்ளதாக இருக்க வேண்டும். மரத்தின் மையம் 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேறியிருக்க வேண்டும். முத்திரை இல்லாத ஒரே ஒரு கட்டை சரக்கு மொத்தத்தையும் இறக்கும் துறைமுகத்தில் நிறுத்திவிடும்.

காகிதம்

வழக்கமான ஏற்றுமதி ஆவணங்களை கிளியரிங் ஏஜென்ட் பார்ப்பார்: ஷிப்பிங் பில், எல்.யு.டி. (ஜி.எஸ்.டி. கட்டாமல் ஏற்றுமதி செய்யத் தரும் உறுதிக் கடிதம்), இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட். அரைக்கும் இயந்திரங்கள் சுங்கப் பட்டியலில் 8474 தலைப்பின் கீழ் வரும். நீங்கள் பார்க்க வேண்டியது பேக்கிங் லிஸ்ட் அளவு. சாடில், லக், தாங்கி சேர்த்து, கட்டி முடித்த பிறகு டேப் வைத்து அளந்ததா? டிராயிங் அளவைக் கொடுத்து, டெர்மினலில் 6 செ.மீ. கூடுதலாக வந்தால் கப்பல் இட ஒதுக்கீடு மறுபடி, சில நேரம் அடுத்த கப்பல். ஃபிளாட் ரேக் என்றால் 2016 ஜூலை 1 முதல் வி.ஜி.எம். (சரிபார்த்த மொத்த எடை) சான்று கட்டாயம். எடைமையம், தூக்கும் இடம், மொத்த எடை ஆகியவற்றைச் சரக்கின் இரண்டு பக்கமும் பெயிண்ட் செய்ய வேண்டும். இரண்டு பாதிகளின் இணைப்பு முகத்திலும் ஒரே பொருத்தக் குறி அடித்துவைக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸில் 'ஆல் ரிஸ்க்' என்று வாங்கினாலும் போதாத பேக்கிங்கால் வந்த சேதத்துக்கு விலக்கு இருக்கிறது. சாடில் வெல்டிங் விட்டுப்போய்ச் சரக்கு சாய்ந்தால் அது விபத்து என்று வாதாடலாம், கம்பெனி அது பேக்கிங் குறை என்று சொல்லும். ஆகவே ஏற்றும் முன் சர்வேயரை வரவழைத்துப் படமும் சான்றும் வாங்கி வைத்துக்கொள்வது மலிவு. மேல்தளத்தில் போகும் சரக்கு என்றால் பாலிசியிலும் அப்படியே சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் கரை

சாம்பியாவுக்குக் கடற்கரை கிடையாது. தான்சானியாவின் தார் எஸ் ஸலாமில் (சுருக்கமாக 'தார்') இறக்கி, துண்டுமா–நகோண்டே எல்லை வழியாகச் செப்புப் பகுதிக்குச் சாலையில் கிட்டத்தட்ட 2,000 கி.மீ. போக வேண்டும். கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பில் ஆஃப் லேடிங்கில் 'சாம்பியாவுக்கு இடைவழிச் சரக்கு' என்ற வாசகம் இல்லையென்றால் தாரில் சுங்கம் அதை உள்ளூர் இறக்குமதியாகப் பார்க்கும். தான்சானியாவின் சாலை நிறுவனமும் சாம்பியாவின் சாலை நிறுவனமும் தனித்தனியாக ஓ.டி.சி. அனுமதி தர வேண்டும். சாதாரண வண்டிக்கு 56 டன் மொத்த எடை வரம்பு, வழியெங்கும் எடைமேடை. இரிங்கா பக்கத்தில் கிடோங்கா மலைப்பாதை இருக்கிறது: ஏற்றம், கொண்டை ஊசி, ஒரு பக்கம் பள்ளம். நம் வழியின் மிகக் குறுகலான இடம் மீஞ்சூரில் இல்லாமல் இங்கே இருக்கலாம். ஆகவே தார் எஸ் ஸலாம் லாரிக்காரரிடம் டிராயிங்கை முதலிலேயே அனுப்பி 'இந்த நீளமும் அகலமும் கிடோங்காவில் திரும்புமா?' என்று எழுத்தில் வாங்க வேண்டும்.

தாரிலிருந்து கபிரி ம்போஷி வரை 1,860 கி.மீ. தசாரா ரயில் பாதையும் இருக்கிறது, 1970-களில் சீன உதவியோடு போட்டது. அதன் தண்டவாள இடைவெளி 1,067 மி.மீ., நம் ஊர் அகல ரயில் 1,676 மி.மீ. குறுகிய பாதைக்கேற்ற குறுகிய வழி, 4.4 மீட்டர் அகலச் சரக்கை நினைக்க வேண்டாம். லைனர், போல்ட், குண்டுப் பீப்பாய் போன்றவற்றுக்கு யோசிக்கலாம்.

ஃபிளாட் ரேக்கில் அனுப்பினால் காலி ரேக்கைத் தாருக்குத் திருப்பித் தர வேண்டும். 2,000 கி.மீ. போய், இறக்கி, 2,000 கி.மீ. திரும்பும் வரை வாடகை ஓடும். அதனால் பலர் தாரிலேயே ரேக்கிலிருந்து லோ பெட்டுக்கு மாற்றுகிறார்கள். பிரேக் பல்க்கில் இந்தத் தலைவலியே இல்லை. இரண்டு விலைப்புள்ளியையும் ஒப்பிடும்போது இதைச் சேர்த்துக்கொள்ளாவிட்டால் ஃபிளாட் ரேக் மலிவாகத் தோன்றும்.

நாட்காட்டியைப் பின்னிலிருந்து போடுங்கள். சாம்பியாவில் மழை நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை, சுரங்கத்துக்குப் போகும் மண் சாலை சேறாகிவிடும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பாபட்லா அருகே கரையைக் கடக்கும் முன் சென்னை, திருவள்ளூர் பக்கம் என்ன செய்தது என்பது இந்த எல்லைக்காரர்களுக்கு நினைவிருக்கும். புயல் எச்சரிக்கைக் கொடி ஏறினால் கிரேன் நிற்கும், கப்பல் கடலுக்குப் போய்விடும். இரண்டு மழையும் ஒன்றின்மேல் ஒன்று விழுகிறது. ஷெல் ஆகஸ்ட்டுக்குள் கப்பலேறவில்லை என்றால் அடுத்த மே வரை அது வழியில் எங்காவது வாடகை கொடுத்து நிற்கும் என்று வாங்குபவரிடம் ஒப்பந்தம் போடும்போதே சொல்லிவிடலாம்.

சேதம் பார்ப்பது தாரில் இறக்கியதுமே தொடங்க வேண்டும், சுரங்கத்தில் இறக்கியதும் முதல் வேலையும் அதுதான். வெளியே தெரியும் சேதத்தைத் தாரில் கப்பல்காரரிடம் வாங்கும்போதே ரசீதில் எழுத வேண்டும், உள்ளே மறைந்திருப்பதை அதிலிருந்து மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தாமதித்தால் சரக்கு நல்ல நிலையில் வந்ததாகவே கப்பல்காரர் எடுத்துக்கொள்வார். சுரங்கத்தில் பாதிகளைப் பொருத்தக் குறி பார்த்துச் சேர்த்து, டவல் பின் அடித்து, நீள இணைப்பின் போல்ட்டுகளைக் குறிப்பிட்ட வரிசையில் முறுக்கி முடித்த பிறகே உள்ளே இருக்கும் குறுக்குத் தாங்கிகளை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டிய இடங்களைக் கிரைண்டரில் மட்டமாக்கி, டை பெனிட்ரன்ட் பார்த்த பிறகுதான் லைனர் உள்ளே போகும்.